பாக்கிப் பணமா, வீட்டுச் சாவியா? இங்கிலாந்தில் பொசெஷன் ஆர்டருக்குப் போகுமுன்

ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் தமிழரிடம், வாடகைக்காரர் பணம் கட்டாமல் இழுத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப்பாருங்கள். "கோர்ட்டுக்குப் போய் ஆர்டர் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது" என்பார். முடியாது. பொசெஷன் ஆர்டர் என்பது இன்ன தேதிக்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும் என்று நீதிபதி போடும் உத்தரவு, அவ்வளவுதான். அந்தத் தேதி கடந்த மறுநாள் காலையிலும் உள்ளே இருப்பவர் சட்டப்படி வாடகைக்காரரே. வீட்டுக்காரர் போய்ப் பூட்டை மாற்றினால், 1977ஆம் ஆண்டின் வெளியேற்றப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். உத்தரவை அமல்படுத்தும் கோர்ட் ஊழியரான பெய்லிஃப் வந்து ஆளை வெளியேற்றி வீட்டை ஒப்படைக்கும் நாளில்தான் அந்தக் குடித்தனம் முடிகிறது.

ஆகவே எந்த வழியில் போவது என்பதை நோட்டீஸ் எழுதும் முன்பே யோசித்து வைக்க வேண்டும். பாதி வழியில் மாற்றினால் மாதங்கள் வீணாகும், ஒவ்வொரு மாதமும் ஒரு வாடகை போகும். பெரும்பாலானவர்கள் பாக்கி எவ்வளவு, எனக்குக் கோபம் எவ்வளவு என்பதை வைத்து முடிவெடுக்கிறார்கள். நான் பார்த்தவரையில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இரண்டு. அவருக்குப் போக வேறு இடம் இருக்கிறதா? அவருக்கு மாதாமாதம் வருமானம் வருகிறதா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் வழி தானாகவே தெரிந்துவிடும்.

இங்கே எழுதுவதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸில் 2022 டிசம்பர் முதல் வேறு சட்டம், ஸ்காட்லாந்தில் இந்த வழக்குகள் கோர்ட்டுக்கே போவதில்லை, தீர்ப்பாயத்துக்குப் போகின்றன. கார்டிஃபில் வீடு வைத்திருப்பவர் லண்டன் நண்பரின் அறிவுரையைக் கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டாம்.

செக்‌ஷன் 21 போய்விட்டது

முன்பெல்லாம் கதை எளிது. 1988ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் செக்‌ஷன் 21 இருந்தது. காரணம் சொல்லாமல் இரண்டு மாத நோட்டீஸ், அதன் பிறகு காகிதங்களை மட்டும் பார்த்து நீதிபதி தரும் விரைவு ஆர்டர். பலருக்கு விசாரணைக்கே போக வேண்டியிருக்காது. வாடகை பாக்கி இருந்தாலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இந்த வழியில் போனவர்களே அதிகம்.

2025 அக்டோபர் 27 அன்று அரச ஒப்புதல் பெற்ற வாடகைக்காரர் உரிமைகள் சட்டம் அதை எடுத்துவிட்டது. 2026 மே 1 முதல் தனியார் வாடகை வீடுகளில் புதிதாக செக்‌ஷன் 21 நோட்டீஸ் கொடுக்க முடியாது. ஏப்ரல் 30 வரை முறையாகக் கொடுத்த நோட்டீஸ்களை வைத்து வழக்குப் போடவும் ஜூலை 31தான் கடைசி நாள். ஓர் ஆண்டு ஒப்பந்தம், ஆறு மாத ஒப்பந்தம் என்ற பேச்சும் போயிற்று. எல்லாக் குடித்தனமும் முடிவுத் தேதி இல்லாமல் மாதத்துக்கு மாதமோ வாரத்துக்கு வாரமோ ஓடும் குடித்தனம். வாடகைக்காரர் இரண்டு மாதம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு எப்போது வேண்டுமானாலும் போகலாம். வீட்டுக்காரர் அனுப்ப வேண்டுமானால் செக்‌ஷன் 8 வழியாக, சட்டத்தில் எழுதியுள்ள காரணங்களில் ஒன்றையாவது நிரூபிக்க வேண்டும். அந்தக் காரணங்களைத்தான் எல்லாரும் 'கிரவுண்ட்' என்கிறார்கள்.

கிரவுண்டுகளில் இரண்டு சாதி உண்டு. சிலவற்றை நிரூபித்துவிட்டால் நீதிபதி ஆர்டர் கொடுத்தே ஆக வேண்டும், அவை கட்டாய கிரவுண்டுகள். மற்றவற்றில், நிரூபித்த பிறகும், ஆளை அனுப்புவது நியாயமா என்று நீதிபதி யோசிப்பார். கொடுக்கலாம், மறுக்கலாம், நிபந்தனை போட்டு நிறுத்தியும் வைக்கலாம். கீழே வரும் ஒப்பீடு முழுக்க இந்த வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது.

ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். மாத வாடகை 1,800 பவுண்டு. ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி கட்ட வேண்டும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்றும் வரவில்லை, பாக்கி 5,400. உள்ளே ஒரு குடும்பம், இரண்டு பிள்ளைகள். வீட்டுக்காரருக்கு அந்த வீட்டின் மேல் மார்ட்கேஜ் இருக்கிறது, அதைக் கட்ட அந்த வாடகையைத்தான் நம்பியிருக்கிறார். இவருக்கு என்னென்ன வழி?

கிரவுண்ட் 8: பலமானது, ஆனால் நொறுங்கக்கூடியது

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். மூன்று மாத வாடகை பாக்கி இருந்தால் கட்டாய ஆர்டர். வாரக் கணக்கில் கட்டுபவர் என்றால் 13 வாரம். மே 2026க்கு முன் இது இரண்டு மாதமாகவும் நோட்டீஸ் இரண்டு வாரமாகவும் இருந்தது, இப்போது நோட்டீஸ் நான்கு வாரம்.

நம் கணக்கில் மார்ச் 2 அன்று நோட்டீஸ் கொடுக்கலாம். மாத இறுதியில் அந்தக் காலம் முடியும். பிறகு என்5, என்119 என்ற இரண்டு படிவங்களோடு கவுண்டி கோர்ட்டில் வழக்கு. கட்டணம் 2025 ஏப்ரல் முதல் 404 பவுண்டு. வழக்குப் பதிவானதிலிருந்து எட்டு வாரத்துக்குள் விசாரணை என்பது கோர்ட் விதி. நெரிசலான லண்டன் கோர்ட்டுகளில் அது எட்டு வாரத்தில் நிற்பதில்லை. சரி, விதிப்படியே நடந்தது, ஜூன் தொடக்கத்தில் விசாரணை என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் வந்தால் வழக்கமாக 14 நாள் அவகாசம். வாடகைக்காரர் தாங்க முடியாத கஷ்டம் என்று காட்டினால் நீதிபதி அதை ஆறு வாரம் வரை நீட்டலாம், அதற்கு மேல் நீட்ட அவருக்கு அதிகாரமில்லை. அவகாசம் முடிந்தும் ஆள் போகவில்லை என்றால் பெய்லிஃப் வாரண்டுக்கு இன்னொரு விண்ணப்பம், 148 பவுண்டு. அப்புறம் பெய்லிஃப் தேதிக்காகக் காத்திருக்க வேண்டும். லண்டனில் அந்தக் காத்திருப்பு மட்டும் சில மாதங்கள் ஆகலாம். செப்டம்பர் இறுதியில் சாவி வந்தால் நல்ல காலம் என்றுதான் சொல்வேன். அதற்குள் போனது ஒன்பது மாத வாடகை, 16,200 பவுண்டு. கட்டணங்களைச் சேர்த்தால் 16,752. வக்கீல் வைத்தால் அது தனி.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அந்த மூன்று மாதப் பாக்கி நோட்டீஸ் கொடுக்கும் நாளில் மட்டும் இருந்தால் போதாது, விசாரணை நாளிலும் இருக்க வேண்டும். நம் வாடகைக்காரர் ஏப்ரல் முதல் ஒழுங்காகக் கட்டத் தொடங்கிவிட்டார், பழைய பாக்கி 5,400 அப்படியே நிற்கிறது என்று வையுங்கள். விசாரணைக்கு முந்தின நாள் யாரிடமாவது கைமாற்று வாங்கி 100 பவுண்டு கூடுதலாகப் போட்டால் பாக்கி 5,300. கிரவுண்ட் 8 அங்கேயே விழுந்தது. வாடகைக்காரருக்கு இதை யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள், சொல்லிக்கொடுக்கவும் வேண்டும், அது அவருடைய உரிமை. யூனிவர்சல் கிரெடிட்டில், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு உதவித்தொகையில், இருப்பவர் என்றால் இன்னொன்றும் உண்டு. அரசிடமிருந்து வர வேண்டிய பணம் இன்னும் வராததால் மட்டும் நிற்கும் தொகையைப் பாக்கிக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று புதிய சட்டம் சொல்கிறது.

அடுத்தது வீட்டின் நிலை. குளியலறைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறது, வாடகைக்காரர் ஒரு வருடமாக வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறார், வீட்டுக்காரர் "ஜன்னலைத் திறந்து வையுங்கோ" என்று பதில் போட்டிருக்கிறார். அந்த உரையாடல் அப்படியே கோர்ட்டுக்கு வரும். கட்டட அமைப்பையும் தண்ணீர், சூடாக்கி வசதிகளையும் நல்ல நிலையில் வைத்திருப்பது 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் செக்‌ஷன் 11 படி வீட்டுக்காரரின் பொறுப்பு. அதைச் செய்யாததால் பட்ட இழப்பு என்று வாடகைக்காரர் எதிர்வழக்கு வைத்தால், அந்தத் தொகையைப் பாக்கியிலிருந்து கழிக்கச் சொல்லலாம். கழித்த பிறகு மூன்று மாதத்துக்குக் கீழே வந்துவிட்டால் கட்டாய ஆர்டர் இல்லை. கழிக்கிறார்களோ இல்லையோ, நீதிபதி வழக்கை ஒத்திவைத்து இருதரப்பையும் ஆவணங்கள் தரச் சொன்னாலே மாதங்கள் ஓடிவிடும்.

டெபாசிட்டும் அப்படித்தான். வாங்கிய 30 நாளுக்குள் அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட்டு, அந்த விவரத்தை எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். முன்பு இது செக்‌ஷன் 21க்குத்தான் தடையாக இருந்தது. இப்போது சமூகவிரோத நடத்தை போன்ற ஒன்றிரண்டு கிரவுண்டுகளைத் தவிர, டெபாசிட் ஒழுங்கில்லாமல் எந்த ஆர்டரும் கிடையாது. நம்மவர்களில் "தெரிஞ்ச பொடியன்தானே" என்று டெபாசிட்டைத் தன் வங்கிக் கணக்கிலேயே வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றே கவனியுங்கள்.

கிரவுண்ட் 10, 11: நிறுத்திவைத்த ஆர்டர்

கிரவுண்ட் 10 என்பது நோட்டீஸ் கொடுத்த நாளிலும் வழக்குப் போட்ட நாளிலும் ஏதாவது பாக்கி இருந்தது என்பது. கிரவுண்ட் 11, திரும்பத் திரும்பத் தாமதமாகக் கட்டுகிறார் என்பது. இரண்டும் நீதிபதியின் முடிவுக்கு விட்டவை. நான்கு வார நோட்டீஸ்தான் இவற்றுக்கும். ஆகவே கிரவுண்ட் 8 போடுகிறவர் இந்த இரண்டையும் அதே நோட்டீஸில் சேர்த்தே போட வேண்டும். 8 விழுந்தாலும் வழக்கு விழாது. 8ஐ மட்டும் எழுதி அனுப்பிவிட்டு, விசாரணை நாளில் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

10, 11 மட்டும் நின்றால் நீதிபதி பெரும்பாலும் நிறுத்திவைத்த ஆர்டர் போடுவார். மாத வாடகையோடு பாக்கிக்காக இவ்வளவு சேர்த்துக் கட்டிவந்தால் வீட்டில் இருக்கலாம், தவறினால் வீட்டுக்காரர் வாரண்டுக்குப் போகலாம் என்பது அதன் சாரம். 5,400 பாக்கிக்கு மாதம் 150 என்று வைத்தால் 36 மாதம். மூன்று வருடமா என்று வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆள் வேலைக்குப் போகிறார், நடுவில் ஒரு வேலை போய்ப் புதுவேலை கிடைக்கும்வரை மூன்று மாதம் தடுமாறினார், இப்போது சம்பளம் வருகிறது என்றால், 1,950 பவுண்டு மாதாமாதம் வரும். வீடு காலியாகக் கிடக்காது, பெயிண்ட் அடித்து, ஏஜெண்டுக்குக் கமிஷன் கொடுத்து, புது ஆளைத் தேடும் செலவும் இல்லை. அவர் மறுபடி தவறினால் புது நோட்டீஸ், புது வழக்கு எதுவும் வேண்டாம், அதே ஆர்டரை வைத்து பெய்லிஃபைக் கேட்கலாம். வருமானம் உள்ள ஆளுக்கு என் கணக்கில் இதுதான் முதல் தேர்வு. வெளியே அனுப்பிப் பாக்கியையும் வசூலிக்கலாம் என்பது காகிதத்தில்தான். போன ஆளின் சம்பளத்திலிருந்து பிடித்தம் செய்யக் கோர்ட் உத்தரவு வாங்கலாம், ஆனால் அவர் எங்கே வேலை செய்கிறார் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டுமே.

வருமானமே இல்லாதவருக்கு இந்த ஆர்டரால் ஒரு பயனும் இல்லை. முதல் மாதமே தவறுவார். அப்புறம் பெய்லிஃப், அதை நிறுத்தக் கேட்டு அவர் போடும் என்244 விண்ணப்பம், மறுபடி ஒரு விசாரணை என்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

இடையில் ஒன்று. யூனிவர்சல் கிரெடிட் வாங்குபவர் இரண்டு மாதப் பாக்கி வைத்துவிட்டால், வீட்டு வாடகைப் பகுதியை நேராகத் தனக்கே அனுப்பச் சொல்லி வீட்டுக்காரர் அரசிடம் கேட்கலாம். காசு செலவில்லாத வழி, கோர்ட் பக்கமே போக வேண்டாம். இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

விசாரணை அறையில்

ஆர்டர் எப்படி வருகிறது என்று பார்க்காதவர்கள் பெரிய நாடகத்தை எதிர்பார்க்கிறார்கள். காலை 10 மணிப் பட்டியலில் வரிசையாக வழக்குகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து முதல் பத்து நிமிடம். காத்திருக்கும் இடத்தில் ஒரு பணியாளர் தாளோடு வந்து பெயர் கேட்டுக் குறித்துக்கொள்வார். தமிழ்ப் பெயரை அவர் கூப்பிடும்போது யாரைக் கூப்பிடுகிறார் என்று நாம்தான் ஊகிக்க வேண்டும். பக்கத்துச் சிறு அறையில் வாடகைக்காரர்களுக்கு இலவசமாக உதவும் சட்ட ஆலோசகர் உட்கார்ந்திருப்பார். 2023 ஆகஸ்ட் முதல் நடக்கும் வீடிழப்புத் தடுப்பு ஆலோசனைத் திட்டம் அது. வருமானம் எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள், அன்றைய விசாரணைக்கு உங்களுக்காகப் பேசுவார்கள். வாடகைக்காரர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு அந்த அறைக்குப் போகாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். போங்கள், அதற்காகத்தான் அவர் அங்கே இருக்கிறார்.

உள்ளே நீதிபதி முதலில் பார்ப்பது வாடகைப் பட்டியல். எந்தத் தேதியில் எவ்வளவு வர வேண்டியது, எவ்வளவு வந்தது, மிச்சம் எவ்வளவு. நம்மவர் வழக்குகள் சிக்குவது இங்கேதான். பாதி வாடகை வங்கியில், பாதி கையில் காசாக. ரசீது கிடையாது. வழக்கு வருவதற்கு முன் நடந்த பேச்சு இப்படி இருந்திருக்கும்:

"அண்ணை, இந்த மாசம் 900 தான் இருக்கு. மிச்சத்தை வாற மாசம் சேர்த்துத் தாறன்."

"சரி தம்பி, பிள்ளையளோட இருக்கிறாய், பாத்துத் தா."

நல்ல மனம்தான். ஆனால் அந்த 900 எந்த மாதக் கணக்கில் போனது? அண்ணன் பட்டியலில் அது இல்லை. தம்பி கொடுத்தேன் என்கிறார். பத்து நிமிடத்தில் இதைத் தீர்க்க முடியாது என்று நீதிபதி ஒத்திவைத்துவிடுவார், அடுத்த தேதி இரண்டு மாதம் கழித்து. காசாக வாங்கினாலும் அன்றே "பிப்ரவரி வாடகையில் 900 வந்தது" என்று ஒரு மெசேஜ் போட்டுவிடுவது இருவருக்கும் பாதுகாப்பு.

விற்கிறேன், நானே வருகிறேன்

கிரவுண்ட் 1A வீட்டை விற்பதற்கு. கிரவுண்ட் 1 வீட்டுக்காரரோ அவருடைய நெருங்கிய குடும்பமோ குடியேறுவதற்கு. இரண்டும் கட்டாய கிரவுண்டுகள், பாக்கி பற்றிய சண்டையே வராது. அதனால் "பேசாமல் விற்கிறேன் என்று எழுதிவிடலாமே" என்று பலருக்குத் தோன்றும்.

தோன்றலாம், ஆனால் விலை கூடுதல். குடித்தனம் தொடங்கி முதல் ஒரு வருடத்துக்குள் இவற்றை வைத்து ஆளை அனுப்ப முடியாது. நோட்டீஸ் நான்கு மாதம். அதன் பிறகும் அதே வழக்கு, அதே விசாரணை வரிசை, அதே பெய்லிஃப் வரிசை. நம் கணக்கில் சாவி வர டிசம்பர் தாண்டிவிடும். ஏஜெண்டிடம் கொடுத்த ஒப்பந்தம், சொலிசிட்டர் கடிதம் என்று உண்மையான நோக்கத்துக்கு ஆதாரமும் காட்ட வேண்டும். இந்த வழியில் மீட்ட வீட்டை 12 மாதம் மறுபடி வாடகைக்கு விட முடியாது, விற்பனை முறிந்துபோனாலும் சரி. பொய்க் காரணம் சொன்னதாகவோ தடையை மீறியதாகவோ தெரிந்தால் உள்ளூர் நிர்வாகமான கவுன்சில் 7,000 பவுண்டு வரை அபராதம் போடலாம், மோசமான மீறல்களில் அது 40,000 வரை போகும். பக்கத்து வீட்டுக்காரர் கவுன்சிலுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் போதும், மறுபடி வாடகைக்கு விடக் கொடுத்த விளம்பரம் ஆன்லைனில் அப்படியே கிடக்கும்.

குடும்பம் என்பதிலும் கவனம் வேண்டும். பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர், பிள்ளை, பேரப்பிள்ளை வருவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் சித்தப்பா மகன் நமக்குத் தம்பிதான், அந்தப் பட்டியலில் அவருக்கு இடமில்லை.

உண்மையாகவே விற்கப் போகிறவருக்கு, அல்லது மகள் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வரப்போகிறாள் என்பவருக்கு இது நேர்வழி. மற்றவர்கள் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

பேசி முடிப்பது

சட்டத்துக்கு வெளியே இருப்பதாகப் பலர் நினைக்கும் வழி இது. வாடகைக்காரரோடு உட்கார்ந்து பேசி, இந்தத் தேதியில் காலி செய்கிறேன் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு, சாவியை வாங்கிக்கொள்வது. பாக்கியை முழுதாகவோ பாதியாகவோ விட்டுக்கொடுப்பது, வேன் வாடகைக்கும் புது வீட்டு டெபாசிட்டுக்கும் கொஞ்சம் பணம் கொடுப்பது. நம் கணக்கில் மார்ச் இறுதியில் ஆள் போய்விட்டால் இழப்பு 5,400. கையில் 1,500 கொடுத்ததாக வைத்தால் 6,900. கோர்ட் வழியின் 16,752ஓடு ஒப்பிடுங்கள், கிட்டத்தட்ட பத்தாயிரம் மிச்சம்.

"எனக்குத் தர வேண்டியவனுக்கு நான் காசு கொடுப்பதா?" என்று கொதிப்பார்கள். கொதிப்பு நியாயம்தான். ஆனால் அந்தப் பத்தாயிரம் உங்கள் மார்ட்கேஜ் பணம்.

இதற்கு எல்லை உண்டு. தினமும் போன் செய்வது, சொல்லாமல் வீட்டுக்குள் வருவது, சூடாக்கியை நிறுத்துவது, "விசா பிரச்சினை வரும்" என்று மிரட்டுவது எல்லாம் பேசி முடிப்பது ஆகாது. அது தொல்லை கொடுத்த குற்றம். சட்டவிரோதமாக வெளியேற்றிய வீட்டுக்காரர் வாங்கிய வாடகையில் இரண்டு வருடத் தொகை வரை திருப்பிக் கொடுக்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிடலாம். புதிய சட்டம் ஒரு வருடமாக இருந்ததை இரண்டாக்கிவிட்டது. எழுத்தில் இருக்கட்டும், வாடகைக்காரர் யாரிடமாவது கேட்டுக்கொள்ள நேரம் கொடுங்கள், பணத்தைச் சாவி கையில் வரும்போது கொடுங்கள், அதற்கு முன் வேண்டாம். வழக்கு ஏற்கெனவே நடக்கிறது என்றால், இருவரும் சம்மதம் என்று சொன்னாலே நீதிபதி பொசெஷன் ஆர்டரில் கையெழுத்துப் போட்டுவிட மாட்டார், ஏதாவது ஒரு கிரவுண்ட் உண்மையில் இருக்கிறதென்று அவருக்குத் தெரிய வேண்டும்.

இந்த வழி யாரிடம் எடுபடும் என்பதுதான் கேள்வி. போக இடம் உள்ளவரிடம். அக்கா வீடு லூட்டனில் இருக்கிறது, வேலை மாறி லெஸ்டர் போகிறார், சின்ன வீடு கிடைத்தால் போதும் என்று அவரே நினைக்கிறார் என்பது போன்ற நிலை.

போக இடமில்லாதவர் ஏன் நகர மாட்டார்

வீட்டுக்காரர்களுக்குப் புரியாத இடம் இது. நல்ல மனிதர், மன்னிப்பும் கேட்கிறார், ஆனால் ஆர்டர் தேதி போயும் நகர மாட்டேன் என்கிறார். திமிர் என்று நினைத்துவிடுகிறார்கள்.

அவருக்குக் கவுன்சில் உதவி வேண்டும். தானாக வீட்டைவிட்டுப் போனால், வேண்டுமென்றே வீடிழந்தவர் என்று கவுன்சில் முடிவு செய்துவிடலாம், அப்படி முடிவானால் நிரந்தர வீட்டுக்கான கடமை அவர்களுக்கு இல்லை. 56 நாளுக்குள் வீடிழக்கும் அபாயம் இருந்தாலே கவுன்சில் உதவத் தொடங்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் சட்டம். பெய்லிஃப் வரும்வரை ஆளைக் காத்திருக்க வைக்காதீர்கள் என்றுதான் அரசின் வழிகாட்டுதலும் சொல்கிறது. ஆனால் தற்காலிக வீடுகளே இல்லாத லண்டன் கவுன்சில்களில் கவுண்டரில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் "பெய்லிஃப் கடிதத்தோடு வாருங்கள்" என்பதே. பிள்ளைகளோடு இருக்கும் குடும்பம் அதைக் கேட்காமல் என்ன செய்யும்? அவர்களிடம் 1,500 பவுண்டு நீட்டினாலும் வாங்க முடியாது. அந்தப் பணம் ஒரு மாத வாடகைக்குக்கூடக் காணாது, அதை வாங்கிக்கொண்டு போனதாலேயே கவுன்சில் கதவு மூடலாம்.

அரசு உதவிக்கு உரிமையில்லை என்று விசாவில் எழுதியிருப்பவர்களின் நிலை வேறு. படிக்க வந்தவர்கள், வேலை விசாவில் வந்த குடும்பங்கள் பலருக்கும் கவுன்சிலின் வீடற்றோர் உதவி கிடையாது. பெய்லிஃபுக்காகக் காத்திருப்பதில் அவர்களுக்கு லாபமில்லை, கடனும் கோர்ட் செலவும்தான் ஏறும். இவர்களோடு பேசி முடிப்பதே இரு தரப்புக்கும் நல்லது, பெரும்பாலும் அவர்களும் அதற்குத் தயாராகவே இருப்பார்கள்.

ஆகவே போக இடமும் இல்லை, வருமானமும் இல்லை, கவுன்சிலை நம்பியிருக்கும் குடும்பம் என்றால், பேசிக்கொண்டே மாதங்களைக் கடத்த வேண்டாம். மூன்று மாதம் ஆன உடனே 8, 10, 11 மூன்றையும் சேர்த்து நோட்டீஸ் கொடுத்துவிடுங்கள். கேட்கக் கடுமையாக இருக்கும். ஆனால் அந்தக் குடும்பத்துக்கும் கவுன்சில் வரிசையில் நகர அந்தக் காகிதங்கள்தான் வேண்டும். நோட்டீஸின் நகலை அன்றே கவுன்சிலுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

கவுண்டி கோர்ட் பெய்லிஃபா, ஹைகோர்ட் அதிகாரியா

ஆர்டருக்குப் பிறகு வரும் தேர்வு. கவுண்டி கோர்ட் பெய்லிஃப் மலிவு, தாமதம். தனியார் நிறுவனங்களில் வேலை செய்யும் ஹைகோர்ட் அமலாக்க அதிகாரிகள் விலை அதிகம், தேதி கிடைத்தால் வேகம். அங்கே போக வழக்கை மேலே மாற்றக் கவுண்டி கோர்ட் நீதிபதியின் அனுமதி வேண்டும், பிறகு ஹைகோர்ட்டின் அனுமதியும் வேண்டும், வீட்டில் இருப்பவர்களுக்கு அறிவிப்பும் கொடுக்க வேண்டும். பெய்லிஃப் தாமதம் என்பது மட்டும் காரணமென்றால் மறுக்கும் நீதிபதிகளும் உண்டு. அந்த நிறுவனங்களின் விளம்பரங்களில் இந்த வாசகம் இருக்காது. வீட்டைச் சேதப்படுத்துகிறார்கள், பாக்கி பயங்கரமாக ஏறுகிறது என்பது போல் எழுத்தில் காட்ட ஏதாவது இருந்தால் வழக்குப் போடும்போதே அனுமதியைக் கேட்டு வையுங்கள். சாதாரண வழக்குக்கு இது வேண்டாம்.

எந்த வழியானாலும் வீட்டிலிருப்பவர்களுக்கு வெளியேற்றும் தேதியைக் குறைந்தது 14 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும். அந்த நாளில் பூட்டுத் தொழிலாளியை வீட்டுக்காரரே அழைத்துவர வேண்டும். நாய் இருக்கிறதா, முன்பு வன்முறை நடந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு ஒரு படிவம் வரும், அதைத் திருப்பி அனுப்பாததால் மட்டும் தேதி போனவர்கள் உண்டு. சமையலறையில் விட்டுப்போன பாத்திரம், மேசைமேல் பிள்ளையின் பள்ளிப் புத்தகம் எதையும் குப்பையில் போட்டுவிட முடியாது. பட்டியல் எழுதி, படமெடுத்து, எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுத்தில் அறிவித்து, நியாயமான காலம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கிரவுண்ட் 8இல் மீட்ட வீடு என்றால் அவற்றை ஓர் அறையில் ஒதுக்கிவைத்துவிட்டு மறுநாளே விளம்பரம் கொடுக்கலாம், 1Aஇல் மீட்டதென்றால் வாங்குபவரைத் தேட வேண்டியதுதான்.